ரஸ்ட்டில் எழுதிவிட்டீர்கள், சரி. உடைத்துப் பார்த்தீர்களா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்புகளை ஒரு தடவை வரிசையாகப் படித்துப் பாருங்கள். பிளாக்செயின் மூலம் சான்றிதழ் சரிபார்ப்பு, பிளாக்செயின் மூலம் வாக்குப்பதிவு, பிளாக்செயின் மூலம் நிலப் பதிவு. தலைப்பு மாறும், உள்ளே இருப்பது மாறாது. யாரோ எழுதி வைத்த ஒரு நெட்வொர்க், அதுக்கு மேல ஒரு வெப் பேஜ், அதில் ஒரு பட்டன். பட்டனை அமுக்கினால் ‘டிரான்சாக்‌ஷன் சக்சஸ்’ என்று பச்சை நிறத்தில் வரும். ரிவ்யூ முடிந்தது, மார்க் வந்தது, டீக்கடைக்குப் போகலாம்.

என் கருத்து இதுதான்: அந்தப் பட்டனை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் ஓடும் நோடை எழுதிப் பாருங்கள். ரஸ்ட்டில் எழுதுங்கள். ஆனால் எழுதியதோடு நிறுத்தினால் அதுவும் இன்னொரு பச்சை பட்டன்தான். எழுத எத்தனை நாள் ஆனதோ, அதைவிட அதிக நாள் அதை உடைத்துப் பார்க்கச் செலவழிக்க வேண்டும். படிப்பு அங்கேதான் இருக்கிறது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். காயின் வாங்குங்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு இங்கே 30% வரி, அதே வருஷம் ஜூலை முதல் 1% டிடிஎஸ். நம்ம மெஸ் பில்லுக்கே தடுமாற்றம், அந்தப் பக்கம் போகவே வேண்டாம். நான் பேசுவது லேப்டாப்பிலேயே ஓடும் சோதனை நெட்வொர்க்கைப் பற்றி. அதில் இருக்கும் காயினுக்கு மதிப்பு பூஜ்யம். கற்றுக்கொள்ள அதுவே போதும்.

நோடு ஏன் இவ்வளவு கஷ்டமான சாஃப்ட்வேர்?

பிட்காயின் நோடு செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், முன்பின் தெரியாதவர்களிடமிருந்து தகவல் வாங்கி, ஒருவரையும் நம்பாமல் எல்லாவற்றையும் தானே சரிபார்ப்பது. பிளாக் வந்தால் அதன் ப்ரூஃப் ஆஃப் வொர்க் சரியா, அதில் செலவழிக்கும் காயின் ஏற்கெனவே செலவானதா, கையொப்பம் பொருந்துகிறதா, வரவை மீறிச் செலவு இருக்கிறதா, எல்லாம் பார்க்க வேண்டும். இதைவிட நீளமான வேறொரு செயின் வந்தால், சேர்த்த பிளாக்குகளைக் கழற்றிவிட்டு அதற்கு மாற வேண்டும்.

சாதாரண வெப் ஆப்பில் பக் வந்தால் சர்வரைத் திருத்தி மறுபடி ஏற்றிவிடலாம். நோடு விஷயத்தில் அப்படி ஒரு ஒற்றை சர்வர் கிடையாது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான மெஷின்கள் ஒரே பிளாக்கைப் பார்த்து ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். பாதிப் பேர் ‘சரி’ என்றும் மீதிப் பேர் ‘தப்பு’ என்றும் சொன்னால் நெட்வொர்க்கே இரண்டாகப் பிரியும்.

கற்பனை இல்லை, நடந்திருக்கிறது. 2013 மார்ச்சில் பிட்காயினின் 0.8 பதிப்பு ஏற்றுக்கொண்ட 225430-ஆவது பிளாக்கைப் பழைய 0.7 பதிப்பு ஏற்க மறுத்தது. புதுப் பதிப்பில் டேட்டாபேஸை மாற்றியிருந்தார்கள். பழைய டேட்டாபேஸில் ஒரே நேரத்தில் எத்தனை லாக் போடலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருந்தது. பிட்காயின் விதிகளில் எங்கேயும் எழுதாத அந்த வரம்பு, ஒருவருக்கும் தெரியாமலேயே ஒரு விதியாக வேலை செய்துகொண்டிருந்தது. பெரிய பிளாக் ஒன்று வந்தவுடன் செயின் பிரிந்தது. கடைசியில் மைனர்கள் பழைய பதிப்புக்குத் திரும்பித்தான் சரி செய்தார்கள். ஒரே சாஃப்ட்வேரின் இரண்டு பதிப்புகளுக்கே இந்த நிலைமை என்றால், புது மொழியில் புதிதாக எழுதும் நோடுக்கு?

ரஸ்ட் எதைக் காப்பாற்றும்

ரஸ்ட் 1.0 வெளியானது 2015 மே மாதம். அதன் பெரிய வாக்குறுதி மெமரி பாதுகாப்பு. ஃப்ரீ செய்த இடத்தை மறுபடி தொடுவது, பஃபரைத் தாண்டிப் படிப்பது, இரண்டு த்ரெட் ஒரே டேட்டாவை ஒரே நேரத்தில் மாற்றுவது, இதெல்லாம் சாதாரண ரஸ்ட் கோடில் கம்பைல் ஆகும்போதோ ஓடும்போதோ பிடிபட்டுவிடும். தங்கள் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70% மெமரி தொடர்பானவை என்று மைக்ரோசாஃப்ட் 2019-ல் சொன்னது. முன்பின் தெரியாதவர் அனுப்பும் பைட்டுகளை நாள் முழுக்கப் படிக்கும் நோடுக்கு இது சின்ன உதவி இல்லை. ஜிகேஷ் நோடான ஜீப்ரா, எத்தீரியத்தின் ரெத், லைட்ஹவுஸ், சொலானாவின் வேலிடேட்டர் எல்லாம் ரஸ்ட்டில் எழுதப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாரோ செக்கரோடு சண்டை போட்டு ஒரு வாரம் தூக்கம் கெட்டவர்களுக்கு, கம்பைல் ஆனவுடனே ஒரு நிம்மதி வரும் பாருங்க. ‘கம்பைல் ஆச்சுன்னா வேலை செய்யும்’ என்று சீனியர்கள் சொல்வதும் அந்த நிம்மதியில்தான். நான் மறுப்பது அந்த வாக்கியத்தைத்தான்.

எதைக் காப்பாற்றாது

2010 ஆகஸ்ட் 15. பிட்காயினின் 74638-ஆவது பிளாக்கில் ஒரு டிரான்சாக்‌ஷன். உள்ளே வந்தது அரை பிட்காயின். வெளியே போனது இரண்டு பேருக்கு, ஆளுக்குச் சுமார் 9,223 கோடி பிட்காயின். மொத்தமாகவே 2.1 கோடிக்கு மேல் இருக்கக் கூடாத காயின்! எப்படி நடந்தது? தொகையை 64 பிட் முழு எண்ணில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தொகையும் தனித்தனியே அந்த எண்ணின் உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. இரண்டையும் கூட்டியபோது எண் சுற்றிக்கொண்டு வந்து மைனஸ் 9,97,538 சதோஷி ஆகிவிட்டது, அதாவது பூஜ்யத்துக்கும் கீழே. ‘செலவு வரவைவிடக் குறைவு’ என்று நோடு தலையாட்டியது. சில மணி நேரத்தில் திருத்திய பதிப்பு வந்து, அந்தப் பிளாக் இல்லாத செயின் முந்திக்கொண்டதால் தப்பித்தார்கள்.

இதே கோடை ரஸ்ட்டில் எழுதினால் என்ன ஆகும்? டீபக் பில்டில் கூட்டல் வழிந்தவுடன் பேனிக் ஆகி நின்றுவிடும். ரிலீஸ் பில்டில், நாம் எதையும் மாற்றாமல் விட்டால், சத்தமே இல்லாமல் சுற்றிக்கொள்ளும். சோதிக்கும்போது ஒரு நடத்தை, ஊருக்கு அனுப்பும்போது வேறொரு நடத்தை. கார்கோ.டோமலில் ஓவர்ஃப்ளோ செக்கை ரிலீஸுக்கும் ஆன் செய்யலாம். செய்யத்தான் வேண்டும். ஆனால் அதுவும் பாதித் தீர்வுதான். அப்போது அந்தப் பிளாக்கைப் பார்த்த ஒவ்வொரு நோடும் பேனிக் ஆகி விழும். கள்ள நோட்டு அடிக்க முடியாவிட்டாலும் கடையையே மூட வைக்கலாம். சரியான வழி, ‘செக்டு ஆட்’ போட்டுக் கூட்டி, வழிந்தால் ‘இந்தப் பிளாக் செல்லாது’ என்று நிராகரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது. இந்த முடிவை கம்பைலர் எடுக்காது, எழுதுகிறவர்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. மைனருக்குக் கிடைக்கும் பரிசு 50 பிட்காயினில் தொடங்கி, ஒவ்வொரு 2,10,000 பிளாக்குக்கும் பாதியாகும். பாதியாக்குவதற்கு பிட்டை வலப்பக்கம் தள்ளினால் போதும், ஒரே வரி. 33 தடவை பாதியானதும் பரிசு பூஜ்யம். 64-ஆவது தடவை? 64 பிட் எண்ணை 64 இடம் தள்ளச் சொல்கிறோம். சி++ மொழியில் அதற்கு வரையறையே கிடையாது. ரஸ்ட்டில் டீபக்கில் பேனிக், ரிலீஸில் 64 என்பது 0 ஆகிவிடும். அதாவது பரிசு மறுபடியும் 50 பிட்காயின்! இந்த ஓட்டை பிட்காயினிலேயே உண்மையில் இருந்தது. 2014 ஏப்ரல் 1 அன்று ‘பிட்காயினுக்கு ஓர் உச்ச வரம்பு வைப்போம்’ என்று கேலியும் நிஜமுமாக ஒரு முன்மொழிவு எழுதி அடைத்தார்கள். அதன் எண் 42. வெடிக்க இன்னும் 200 வருஷத்துக்கு மேல் இருந்தது என்பது வேறு விஷயம்.

ஒரே வரிக் கணக்கிலேயே இவ்வளவு இருக்கிறது. அப்புறம் அன்ராப். நெட்வொர்க்கிலிருந்து வரும் டேட்டா மேல் அன்ராப் போடுவது, வாசலில் வருகிறவர் கையில் மெயின் சுவிட்சைக் கொடுப்பது மாதிரி. 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃப்ளேர் விழுந்து பாதி இன்டர்நெட் தடுமாறியது ஞாபகம் இருக்கும். எதிர்பார்த்ததைவிடப் பெரிய ஒரு கான்ஃபிகரேஷன் ஃபைல் வந்தபோது ரஸ்ட் கோடில் இருந்த ஒரு அன்ராப் பேனிக் ஆனது என்று அந்த நிறுவனமே விளக்கம் எழுதியது. அது கிரிப்டோ நோடு இல்லை. பாடம் ஒன்றுதான்.

ஹேஷ்மேப்பும் கவனிக்க வேண்டிய ஆள். ரஸ்ட்டின் ஹேஷ்மேப்பில் எதை எந்த வரிசையில் எடுத்துக் கொடுக்கும் என்பது ஒவ்வொரு தடவை ஓடும்போதும் மாறலாம். வேண்டுமென்றே, பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையை நம்பி ஒரு ஹேஷ் கணக்கிட்டால் உங்கள் நோடும் பக்கத்து நோடும் வேறு வேறு விடை சொல்லும். அந்த இடத்தில் பி-ட்ரீ மேப் போட வேண்டும். கம்பைலர் இதற்கும் வாயைத் திறக்காது.

சொலானா 2024 பிப்ரவரி 6 அன்று சுமார் 5 மணி நேரம் நின்றது. ஒரு ப்ரோகிராமை மறுபடி மறுபடி கம்பைல் செய்துகொண்டே இருக்கும் முடிவில்லாத சுழற்சியில் வேலிடேட்டர்கள் மாட்டிக்கொண்டன. மெமரி பத்திரமாக இருந்தது, நெட்வொர்க்தான் ஓடவில்லை.

பழைய பக்கும் சட்டம்தான்

புதிதாக நோடு எழுதுகிறவர்களுக்கு வரும் பெரிய அதிர்ச்சி இது: சரியாக எழுதினால் தப்பு. பிட்காயினில் பல பேர் கையொப்பத்தைச் சரிபார்க்கும் ‘செக் மல்ட்டிசிக்’ கட்டளை, ஸ்டாக்கிலிருந்து தேவைக்கு மேல் ஒன்றை எடுத்துவிடும். ஆரம்ப காலத்து பக். இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது, ஏனென்றால் திருத்தினால் செயின் பிரியும். நீங்கள் அழகாக, லாஜிக்காக எழுதினால் உங்கள் நோடு நெட்வொர்க்கோடு ஒத்துப்போகாது. ரஸ்ட்-பிட்காயின் என்ற புகழ்பெற்ற லைப்ரரியின் அறிமுகப் பக்கத்திலேயே, பிளாக்குகளை முழுமையாகச் சரிபார்க்கும் வேலைக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். அனுபவசாலிகளுக்கே அவ்வளவு பயம்.

அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. பிடிசிடி என்பது கோ மொழியில் எழுதிய பிட்காயின் நோடு. கோவும் மெமரி பாதுகாப்பான மொழிதான். 2022 அக்டோபரில் 999 பேரில் 998 பேர் கையெழுத்துப் போட வேண்டிய ஒரு ராட்சச டிரான்சாக்‌ஷனை ஒருவர் செயினில் ஏற்றினார். டாப்ரூட் மாற்றத்துக்குப் பிறகு அது முறைப்படி செல்லும். பிடிசிடியில் பழைய அளவு வரம்பு ஓர் ஓரத்தில் மிச்சம் இருந்தது. அந்தப் பிளாக்கைப் படிக்க முடியாமல் அந்த நோடுகளும், அதே லைப்ரரியை நம்பியிருந்த லைட்னிங் நோடுகளும் அங்கேயே நின்றுவிட்டன. ஒற்றை எண்ணில் ஒரு வித்தியாசம், அவ்ளோதான்.

அப்படியானால் ஒரே சாஃப்ட்வேரை எல்லோரும் ஓட்டினால் போதாதா? நகமோட்டோ 2010-லேயே கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார், இரண்டாவது நோடு சாஃப்ட்வேர் நெட்வொர்க்குக்கு ஆபத்து என்று எழுதினார். எத்தீரியம் நேர் எதிர்வழி: பல குழுக்கள், பல மொழிகள், ஒன்றில் பக் வந்தால் மற்றவை தாங்கட்டும் என்று. 2018 செப்டம்பரில் பிட்காயின் கோரில் ஒரே காயினை ஒரே டிரான்சாக்‌ஷனில் இரண்டு தடவை செலவழிக்க விடும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. வேகத்துக்காக ஒரு சோதனையை எடுத்திருந்தார்கள், எந்த டெஸ்டும் தடுக்கவில்லை. மெயின் நெட்வொர்க்கில் எவரும் பயன்படுத்துவதற்கு முன் 0.16.3 வந்து அடைத்தது. எல்லோரும் ஒரே சாஃப்ட்வேரை ஓட்டினால் ஓட்டையும் எல்லோருக்கும் ஒன்றே. இரண்டு கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. எந்தக் கட்சி ஜெயித்தாலும் கடைசியில் தேவைப்படுவது நல்ல டெஸ்ட்.

சரி, எப்படி உடைப்பது?

எல்லை டெஸ்ட்: மேலே சொன்ன பரிசுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளாக் எண் 2,09,999-க்கு 50, 2,10,000-க்கு 25, 8,40,000-க்கு 3.125, 1,34,40,000-க்கு 0 வருகிறதா? டீபக்கிலும் ரிலீஸிலும் இரண்டிலும் ஓட்டுங்கள். பத்து நிமிஷ வேலை.

பண்பு டெஸ்ட்: ப்ராப்டெஸ்ட் என்ற கிரேட் இருக்கிறது. ‘எந்த பிளாக்கை பைட்டாக மாற்றித் திரும்பப் படித்தாலும் அதே பிளாக் வர வேண்டும்’ என்று விதியை மட்டும் சொல்லுங்கள். உதாரணங்களை அதுவே தயாரித்து, தோற்றால் தோற்கும் மிகச் சிறிய உதாரணத்தைக் காட்டும்.

ஃபஸ்ஸிங்: கார்கோ-ஃபஸ் போட்டு உங்கள் மெசேஜ் படிக்கும் கோடுக்குக் கோடிக்கணக்கான குப்பை பைட்டுகளை ஊட்டுங்கள், ராத்திரி ஓடட்டும். ‘இந்த லிஸ்டில் 400 கோடி உருப்படி இருக்கிறது’ என்று பொய் சொல்லும் மெசேஜ் ஒன்று வந்தால், நீங்கள் அதை நம்பி முதலிலேயே இடம் ஒதுக்கினால், காலையில் நோடு செத்துக் கிடக்கும்.

ஒப்பீடு: ஒரே டிரான்சாக்‌ஷனை பிட்காயின் கோருக்கும் உங்கள் நோடுக்கும் கொடுங்கள், பதில் மாறினால் நிறுத்துங்கள். கோரின் சோர்ஸ் கோடிலேயே செல்லும், செல்லாத டிரான்சாக்‌ஷன் மாதிரிகள் நிறைய இருக்கின்றன, இலவசம்.

ரெக்டெஸ்ட்: லேப்டாப்பிலேயே பிளாக்கை நொடியில் மைன் பண்ணலாம். முதல் பரிசைச் செலவழிக்க 101 பிளாக் மைன் பண்ணணும், ஏனென்றால் மைனிங் பரிசு 100 பிளாக் முதிர வேண்டும். இரண்டு நோடுகளை இணைத்துவிட்டுத் துண்டியுங்கள். ஒன்றில் 5 பிளாக், மற்றதில் 6 பிளாக் மைன் செய்துவிட்டு மறுபடி இணையுங்கள். 5 பிளாக் நோடு மறுபேச்சில்லாமல் மாறுகிறதா? கழற்றிய பிளாக்கில் இருந்த டிரான்சாக்‌ஷன்கள் எங்கே போயின? நிறைய மினி நோடுகள் மூச்சு விடத் திணறுவது இங்கேதான்.

கடைசியாக ஒன்று: உங்கள் கோடில் ஏதாவது ஓர் ‘அதிகம்’ குறியை ‘அதிகம் அல்லது சமம்’ என்று மாற்றிவிட்டு டெஸ்டை ஓட்டுங்கள். எல்லாம் பச்சையாகவே இருந்தால், கோடைவிட உங்கள் டெஸ்ட்தான் மோசம்.

‘ஆனா டைம் இல்லையே?’

நியாயமான கேள்வி. எட்டாவது செமஸ்டரில் பிளேஸ்மென்ட், அரியர், ரெக்கார்ட் எல்லாம் சேர்ந்து வரும். முழு நோடு எழுதச் சொல்லவில்லை. ஹெடரை மட்டும் சரிபார்க்கும் நோடு போதும், மெசேஜ் படிக்கும் பகுதி மட்டும்கூடப் போதும். சின்னதாக எழுதி முழுசாகச் சோதித்த ஒன்று, பெரிதாக எழுதி டெமோவுக்கு மட்டும் ஓடும் ஒன்றைவிட மேல்.

‘ஏஐ-யே ரஸ்ட் எழுதித் தருதே’ என்பது அடுத்த கேள்வி. தருகிறது, கம்பைலும் ஆகிறது. அதனால்தான் சொல்கிறேன். கோடு மலிவாகிவிட்ட காலத்தில், இந்தக் கோடு எங்கே உடையும் என்று தெரிந்தவருக்குத்தான் வேலை இருக்கும். 64-ஆவது பாதியாக்கலில் என்ன ஆகும் என்ற கேள்வியைக் கேட்கத் தெரிய வேண்டும். கேட்கத் தெரிந்துவிட்டால் டெஸ்டை எவர் எழுதினாலும் பரவாயில்லை.

‘கிரிப்டோவே பித்தலாட்டம், இதுல போய் நேரம் செலவு பண்றதா?’ என்பவர்களுக்கு: காயின் வியாபாரத்தைப் பற்றிய உங்கள் சந்தேகம் சந்தேகமாகவே இருக்கட்டும். நம்பாதவரிடமிருந்து வரும் டேட்டா, வழியும் எண்கள், பிரியும் நெட்வொர்க், இவை வங்கி சாஃப்ட்வேரிலும் உண்டு, ரயில் சிக்னலிலும் உண்டு. நோடு ஒரு நல்ல பயிற்சிக் களம், அதுவும் சோர்ஸ் கோடும் விபத்து அறிக்கைகளும் வெளிப்படையாகக் கிடைக்கும் களம். சம்மர் ஆஃப் பிட்காயின் மாதிரி மாணவர்களுக்கான திட்டங்களும் இருக்கின்றன. பெரிய ஓப்பன் சோர்ஸ் நோடுகளில் புதிதாக வருகிறவர்கள் உள்ளே நுழைய ஒரு டெஸ்ட் எழுதித் தருவதே எளிய வாசல்.

டிபார்ட்மென்டுக்கு ஒரு கோரிக்கை

நம் ரிவ்யூக்களில் டெமோ ஓடினால் மார்க், ஓடாவிட்டால் திட்டு. ‘இது எப்போது ஓடாது?’ என்று கேட்கும் வழக்கமே இல்லை. அதனால் பசங்களும் ஓடும் பாதையை மட்டும் பாலிஷ் போடுகிறோம். கேட்காத கேள்விக்கு எவரும் படித்துக்கொண்டு வர மாட்டார்கள்.

மூன்று ரிவ்யூவில் ஒன்றை மாற்றுங்கள். அந்த ஒன்றில் ஒரு டீமின் ப்ராஜெக்ட்டை இன்னொரு டீம் கையில் கொடுங்கள். ஒரு வாரம் டைம், வேலை அதை உடைப்பது. எப்படி உடைத்தார்கள் என்பதை ஒரு டெஸ்டாக எழுதிக் கொடுத்தால் உடைத்தவர்களுக்கு மார்க். அந்த டெஸ்ட் பாஸ் ஆகும்படி திருத்தினால் எழுதியவர்களுக்கு மார்க். புது லேப் வேண்டாம், புது பட்ஜெட் வேண்டாம். பிளாக்செயின் ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் என்றும் இல்லை, எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் இது பொருந்தும்.

டிபார்ட்மென்ட் ஒத்துக்கொள்ளும் வரை காத்திருக்கவும் வேண்டாம். பக்கத்து டீமிடம் உங்கள் ரெப்போ லிங்க்கைக் கொடுத்து, ‘முடிஞ்சா உடைச்சுக் காட்டு மச்சி’ என்று சொல்லுங்கள். உடைத்துவிட்டால் டீ உங்கள் செலவு.